வாத்தியார் தேடிய சமயங்கள்

தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ராமநாதபுரம் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடி என்று ஒரு ஊர். அங்கே பிறந்த சுல்தான் அப்துல் காதிர் துறவு பூண்டு வடசென்னைக்கு வந்து ராயபுரத்தில் தங்கினார். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர் இவர்தான். தொண்டிக்காரர் என்பதால் ஜனங்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆகி, பிறகு தண்டையார்பேட்டை ஆனது என்று சொல்வார்கள். 1838-ல் மறைந்தார். தர்கா இன்றும் இருக்கிறது.

தினமும் பஸ்ஸில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இப்படிப்பட்ட சங்கதிகளைத் தேடி எடுத்து எழுதி வைக்கிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்ல. தபால் ஆபீஸ் குமாஸ்தா, வைத்தியர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஆட்கள்தான். சம்பளம் வேறு வேலைக்கு, உயிர் இந்த வேலைக்கு. தமிழில் அப்படி ஒருவர், அதுவும் தன்னுடையது அல்லாத சமயங்களின் வரலாற்றை எழுதியே வாழ்நாளைக் கழித்தவர், மயிலை சீனி. வேங்கடசாமி.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். மற்றவர்களுக்குக் 'களப்பிரர்' என்ற வார்த்தை வரும்போது மட்டும் காதில் விழுந்திருக்கும். ஆள் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

1900 டிசம்பர் 16-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா சீனிவாச நாயகர் சித்த வைத்தியர். அண்ணன் கோவிந்தராசன் தமிழ் படித்தவர், தம்பிக்கு முதலில் தமிழ் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பிறகு மகாவித்துவான் சண்முகம் பிள்ளையிடமும் பண்டிதர் சற்குணரிடமும் பாடம் கேட்டார். நடுவில் ஓவியம் கற்க எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து, வீட்டு நிலைமையால் தொடர முடியாமல் விட்டார். (இந்த ஓவிய ஆசை வீணாகவில்லை. பின்னால் 1956-ல் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்ற புத்தகமாக வந்தது.) 1920களில் நீதிக் கட்சியின் 'திராவிடன்' நாளிதழில் ஆசிரியர் குழுவில் கொஞ்ச காலம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவ்வளவுதான் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எம்.ஏ. இல்லை, பிஎச்.டி. இல்லை, ஆராய்ச்சி நிதி இல்லை. வட்டெழுத்து, கிரந்தம், பிராமி எழுத்துகளைப் படிக்கத் தானே கற்றுக்கொண்டார். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ. சாயங்காலம் கல்வெட்டு.

அவருடைய முதல் பெரிய புத்தகம் 1936-ல் வந்த 'கிறித்தவமும் தமிழும்'. அடுத்து 1940-ல் 'பௌத்தமும் தமிழும்'. பதினான்கு வருஷம் கழித்து 1954-ல் 'சமணமும் தமிழும்'. கவனியுங்கள், இந்த மூன்றில் எதுவும் அவர் பிறந்து வளர்ந்த சமயம் இல்லை. சைவமும் தமிழும், வைணவமும் தமிழும் என்று எழுதியிருந்தால் மேடையும் மாலையும் கிடைத்திருக்கும், அன்றைக்கு அதற்குத்தான் கூட்டம். மடங்கள் இருந்தன, சபைகள் இருந்தன, அச்சடிக்கப் பணம் போடுகிறவர்கள் இருந்தார்கள். பௌத்தத்தைப் பற்றி எழுதினால் கேட்க யார் இருந்தார்கள்? தமிழ்நாட்டில் அந்தச் சமயம் மறைந்தே நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

முற்றிலும் யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையிலேயே ஒரு மரபு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) 1898-ல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை ஆரம்பித்து அதில் 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். அவரும் சித்த வைத்தியர்தான்! அதே 1907-ல்தான் பி. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் பௌத்த சாரம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அவர் அறிவியல் பேராசிரியர். பெரம்பூர்ப் பக்கம் பௌத்த சங்கம் நடந்ததும் இந்த வட்டத்தால்தான். ஆனால் இவர்கள் பௌத்தத்தை ஏற்றுக்கொண்டு அதற்குள் நின்று எழுதியவர்கள். சாதிக் கொடுமையிலிருந்து வெளியேற ஒரு கதவாக அதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது அவசரம், வாழ்வுப் பிரச்சினை. வேங்கடசாமி அப்படி இல்லை. வெளியில் நின்றுகொண்டு, இங்கே ஒரு வீடு இருந்தது, சுவர் இன்னும் நிற்கிறது பாருங்கள் என்று காட்டியவர்.

பௌத்த நூல்களைப் படிப்பதே அன்றைக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு உ.வே. சாமிநாதையர் சாட்சி. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது (1887) ஜைனச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்கு நடந்து நடந்து கேட்டார். ஜைனர்களாவது தமிழ்நாட்டில் இருந்தார்கள். மணிமேகலைக்கு (1898) வந்தபோது கேட்க ஒரு தமிழ் பௌத்தர்கூட இல்லை. மளூர் ரங்காசாரியர் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துச் சொன்னதை வைத்துத்தான் விளங்கிக்கொண்டார். அதாவது தமிழிலேயே எழுதப்பட்ட ஒரு தமிழ்க் காப்பியத்தைப் புரிந்துகொள்ள, லண்டனில் அச்சான புத்தகம் தேவைப்பட்டது!

இந்த இடைவெளியைத்தான் வேங்கடசாமி நிரப்பப் பார்த்தார். 'பௌத்தமும் தமிழும்' பெரிய புத்தகம் இல்லை. ஆனால் அதில் பௌத்தம் தமிழகத்துக்கு எப்போது வந்தது, எந்தெந்த ஊர்களில் இருந்தது, யார் யார் எழுதினார்கள், எப்படி மறைந்தது, மறைந்த பிறகு எந்த வடிவில் நம் நடுவே தங்கிப்போனது என்று வரிசையாகப் போகிறது. நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜய அரசன் தன் தகப்பன் பெயரில் அங்கே சூடாமணிவர்ம விகாரம் கட்டினான். சைவனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு விட்டுக்கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பேர் வாங்கியவை அந்தத் தானத்தைச் சொல்பவைதான். அந்த ஊரில் நின்ற பழைய செங்கல் கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. ஏசு சபைப் பாதிரிமார் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித்தான் இடித்தார்கள். அந்த ஊர் மண்ணிலிருந்து 1856 தொடங்கி 350க்கு மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பலவற்றை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். ஸ்கூல் டூரில் 'சிலை நிறைய இருக்குடா' என்று வேகமாகத் தாண்டிப் போவோமே, அந்த அறைதான்.

ஒரு ராஜ்யத்து அரசன் கட்டியது, இன்னொரு ராஜ்யத்து அரசன் ஊர் கொடுத்தது, எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் கழித்து இடிக்கும்போது உள்ளூரில் உரிமை கொண்டாட ஒரு பௌத்தர்கூட மிஞ்சியிருக்கவில்லை. வரலாறு எழுத ஆள் இல்லாத சமயத்துக்கு இதுதான் நேரும். வேங்கடசாமியின் வேலை எவ்வளவு அவசியம் என்பது இங்கே புரியும்.

சமணப் புத்தகம் இன்னும் நுணுக்கம். அதில் ஊர்ப் பட்டியல் ஒன்று வரும். மாவட்டம் மாவட்டமாக எங்கே சமணக் கோயில் இருந்தது, எங்கே குகையில் கற்படுக்கை இருக்கிறது, எங்கே வயல் வரப்பில் தீர்த்தங்கரர் சிலை கிடக்கிறது என்று போகும். படிக்க சுவாரசியம் இருக்காது, டெலிபோன் டைரக்டரி மாதிரிதான். ஆனால் கல்வெட்டு அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் கிடந்த காலம் அது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கிராமத்து ஆள், 'நம்ம ஊர் குன்றுமேல இருக்கிறது என்ன' என்று தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை.

மயிலாப்பூருக்கே ஒரு கதை உண்டு. கபாலீசுவரர் கோயில் எல்லாருக்கும் தெரியும். கடற்கரையோரம் ஒரு காலத்தில் நேமிநாதர் என்ற தீர்த்தங்கரருக்குக் கோயில் இருந்தது. கடல் உள்ளே வருகிறது என்று பயந்து சிலையைத் திண்டிவனம் பக்கம் சித்தாமூருக்குக் கொண்டுபோனார்கள் என்பது ஜைனர் மரபு. குணவீர பண்டிதர் எழுதிய 'நேமிநாதம்' என்ற இலக்கண நூல் அந்தச் சாமி பேரில்தான் இருக்கிறது. தான் பிறந்த ஊரின் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டவர் வேங்கடசாமி. அந்த ஊரில் கோயில் போய்ப் பெயர் மட்டும் ஒரு இலக்கணப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

வடசென்னைக்காரர்களும் பொறாமைப்பட வேண்டியதில்லை. செங்குன்றம் போகிற வழியில் புழலில் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. மிகப் பழைய ஜைனக் கோயில், இன்னும் பூஜை நடக்கிறது. புழல் என்றால் ஏரி, ஜெயில் இரண்டும்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய!

கிறிஸ்தவப் புத்தகத்தின் சங்கதி வேறு. அது மறைந்த சமயம் இல்லை, ஆட்சியிலிருந்தவர்களின் சமயம். 1936-ல், சுதந்திரப் போராட்டம் நடக்கும்போது, மிஷனரிகள் தமிழுக்குச் செய்ததை ஒரு இந்து எழுதுவது என்றால் இரண்டு பக்கமும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அவர் பார்த்தது ஒன்றே ஒன்று: தமிழுக்கு என்ன வந்தது? 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, வீரமாமுனிவரின் சதுரகராதி (1732), அதன் பிறகு போப், கால்டுவெல். தமிழ் உரைநடை வளர்ந்ததில் இவர்கள் பங்கை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது என்பது இன்று யாரும் சொல்லும் விஷயம். அன்று ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியார் தமிழில் ஆதாரத்தோடு சொன்னார்.

அந்த வரிசையில் இஸ்லாத்துக்கு ஒரு தனிப் புத்தகம் இல்லாதது ஒரு குறைதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், நம்ம தொண்டியார் எல்லாம் இருக்கும்போது அது நன்றாக வந்திருக்கும். மஸ்தான் சாகிபு மீது திருத்தணிகை சரவணப்பெருமாளையர் என்ற சைவர் 'நான்மணிமாலை' பாடினார் என்ற ஒரு செய்தி போதுமே, அந்தக் காலத்துச் சென்னை எப்படி இருந்தது என்று காட்ட!

கடல் தாண்டி ஒரு ஒப்பீடு. அமெரிக்காவில் மார்மன் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு இருக்கிறது. 1830-ல் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. டைரி எழுதுவதும் பதிவு வைப்பதும் அவர்கள் வழக்கம், அதனாலேயே அவர்களிடையே உத்தியோகம் ஒன்று, வரலாறு ஒன்று என்று வாழ்ந்தவர்கள் அதிகம். அவர்களுக்கும் சென்னைக்குமே ஒரு தொடர்பு உண்டு. 1853-ல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் மிஷனரி கல்கத்தா வழியாக மதராசுக்கு வந்தார். துறைமுகமும் இல்லாத, ராயபுரம் ரயில் ஸ்டேஷனும் (1856) கட்டப்படாத காலம். சின்னச் சின்ன வெளியீடுகள் அச்சடித்தார், பெரிதாக யாரும் சேரவில்லை, மறுவருஷமே கப்பல் ஏறிவிட்டார்.

அந்த மார்மன்களில் ஜுவானிட்டா புரூக்ஸ் என்ற பெண்மணி இருந்தார். 1898-ல் நெவாடாவில் பிறந்தவர், வேங்கடசாமியைவிட இரண்டு வயது மூத்தவர். யூட்டாவில் செயின்ட் ஜார்ஜ் என்ற சின்ன ஊரில் ஆசிரியை, பெரிய குடும்பத்தின் தாய். 1857 செப்டம்பர் 11-ல் அந்தப் பக்கம் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில், ஆர்கன்சாவிலிருந்து வண்டி கட்டி வந்துகொண்டிருந்த சுமார் 120 பேரைக் கொன்றார்கள். கொன்றதில் உள்ளூர் மார்மன் படையினர் இருந்தார்கள். ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசாது. ஜான் டி. லீ என்ற ஒருவரை மட்டும் 1877-ல் சுட்டுக் கொன்று கணக்கை முடித்துவிட்டார்கள். இந்த அம்மாள் அதைத் தோண்டி 1950-ல் புத்தகமாக எழுதினார். அக்கம்பக்கத்தினர் வந்தால் டைப்ரைட்டர் தெரியாமல் இருக்க அதன்மேல் இஸ்திரி போடும் துணிகளைப் போட்டு மூடுவாராம். சபையிலிருந்து விலக்கவில்லை, ஆனால் ஒதுக்கினார்கள். கடைசிவரை (1989) அவர் மார்மனாகவே இருந்தார். தூக்கி எறியப்பட்ட லீயை 1961-ல் சபை மறுபடி சேர்த்துக்கொண்டது.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. புரூக்ஸ் அம்மாளுக்குத் தன் சொந்த ஆட்கள் மறைத்ததைச் சொல்லும் கஷ்டம். வேங்கடசாமிக்கு மறைக்கக்கூட ஆள் இல்லாததைச் சொல்லும் கஷ்டம். முதல் வகைக்குத் துணிச்சல் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் கோபப்படக்கூட யாரும் வரமாட்டார்கள்.

கோபப்பட வைத்தவையும் உண்டு. தீபாவளி ஆதியில் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளைச் சமணர்கள் விளக்கேற்றிக் கொண்டாடியது, பிற்பாடுதான் நரகாசுரன் கதை வந்தது என்று எழுதினார். பள்ளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்த, சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னார்கள், அதனால் படிக்கிற இடம் பள்ளிக்கூடம் ஆனது. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு இந்தச் சொல் எவ்வளவு பிடித்திருக்கும்!

எல்லாவற்றையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஐயனார், சாஸ்தா, தருமராஜா கோயில் என்று கண்ணில் பட்ட பல இடங்களில் அவர் பழைய பௌத்தத்தின் சுவடு பார்த்தார். சிலவற்றுக்கு ஆதாரம் உண்டு, சிலவற்றில் பெயர் ஒற்றுமை மட்டும்தான் இருக்கிறது. பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம், அது ஆபத்து. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்கிறோமே அந்தப் பெரிய பாறைச் சிற்பம், அது அர்ச்சுனனும் இல்லை, பகீரதன் தவமும் இல்லை, சகர சக்கரவர்த்தியின் பிள்ளைகளைப் பற்றிய ஜைனக் கதை என்று 1950-ல் ஒரு சின்ன நூலே எழுதினார். அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. படித்துப் பார்த்தால் வாதம் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் மற்ற இரண்டு கதைகளை ஒதுக்கிவிடும் அளவுக்கு பலம் போதாது. அமெச்சூர் ஆராய்ச்சியின் பலவீனம் இங்கேதான். கூட உட்கார்ந்து 'இது நிற்காது சார்' என்று சொல்ல டிபார்ட்மென்ட் இல்லை.

ஆனால் அதே தனிமைதான் அவருடைய பெரிய பலமும். களப்பிரர் விஷயத்தில் அது தெரியும்.

சங்க காலம் முடிந்து பல்லவர், பாண்டியர் எழும்பும் வரை சுமார் முந்நூறு வருஷம். அந்தக் காலத்தைத் தமிழக வரலாற்றின் 'இருண்ட காலம்' என்று நாம் எல்லாரும் எட்டாம் வகுப்பில் படித்தோம். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி போன்ற பெரியவர்கள் ஒரு நீண்ட இரவு என்ற பொருளில் எழுதிவிட்டார்கள், பாடப்புத்தகம் அதைப் பிடித்துக்கொண்டது. எங்கிருந்து வந்தது இந்த இருட்டு? முக்கியமான சாட்சி வேள்விக்குடிச் செப்பேடு. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் கொடுத்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி ஒரு பிராமணருக்கு வேள்விக்குடியைத் தானம் கொடுத்தான், களப்பிரன் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டான், பாண்டியன் கடுங்கோன் வந்து நாட்டை மீட்டான், இப்போது அந்த ஊரைத் திருப்பித் தருகிறேன் என்பது அதன் கதை. அதாவது நிலத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர் தரப்பின் ஆவணம். எதிர்க்கட்சியின் நோட்டீஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆட்சியை எடைபோட்ட மாதிரி!

வேங்கடசாமி 1970களின் நடுவில் 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' எழுதினார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. கேள்வி எளிமையானது: இருட்டு என்றால் அந்தக் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லையா? நடந்திருக்கிறதே. புத்ததத்தர் என்ற பௌத்த ஆசாரியர் சோழ நாட்டில் உட்கார்ந்து பாளியில் நூல் எழுதினார், அச்சுதவிக்கந்தன் என்ற களப்பிர அரசன் ஆளும்போது முடித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 470-ல் வச்சிரநந்தி என்ற சமணர் மதுரையில் திராவிட சங்கம் என்று ஒரு சமணத் துறவிகள் சங்கத்தை ஏற்படுத்தினார். பதினெண்கீழ்க்கணக்கில் பல நூல்கள் இந்தக் காலத்தவை. புதுப் பாவகைகள் தோன்றின. காரைக்கால் அம்மையார் இந்தக் காலம்தான். படிப்பவன் இருந்திருக்கிறான், எழுதுபவன் இருந்திருக்கிறான், ஆதரித்த அரசன் இருந்திருக்கிறான். அவர்களில் பலர் பௌத்தர், சமணர். அந்தச் சமயங்களை எழுதாமல் விட்டால் அந்தக் காலம் இருட்டாகத்தான் தெரியும்.

இதைத்தான் அவர் பிடித்தார். பார்க்கத் தெரியாததால் இருட்டு. நாற்பது வருஷமாக பௌத்த நூலையும் சமணக் கல்வெட்டையும் பொறுக்கிக்கொண்டிருந்த ஆள்தான் அதைச் சொல்ல முடியும். அரச வம்சங்களை மட்டும் படித்துக்கொண்டு வந்தவர்களுக்கு வம்சப் பட்டியல் இல்லாத முந்நூறு வருஷம் ஒரு பள்ளமாகத்தான் தெரிந்தது. அவருடைய எல்லா முடிவுகளும் நின்றனவா என்பது வேறு. களப்பிரர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. ஆனால் 'இருண்ட காலம்' என்ற சொல்லை இன்றைக்கு ஒருவர் கூச்சமில்லாமல் எழுத முடியாது. அதில் இந்த வாத்தியாருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய புத்தகங்களில் எது சிறந்தது என்று கேட்டால் பலரும் களப்பிரரைச் சொல்வார்கள். உண்மையில் அந்த இடம் 1959-ல் வந்த 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். உரையாசிரியர்கள் விளக்கம் எழுதும்போது போகிற போக்கில் ஏதோ ஒரு நூலிலிருந்து ஒரு பாட்டை எடுத்துக் காட்டுவார்கள். அந்த நூல் இன்று இல்லை. அந்த ஒரு பாட்டுதான் மிச்சம். இப்படி எந்தெந்த உரையில் எந்தெந்த நூலின் துணுக்கு கிடக்கிறது என்று தேடித் தேடித் தொகுத்தார். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தையே பாருங்கள். முழு நூல் போய்விட்டது. அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. நீலகேசிக்கு உரை எழுதிய வாமன முனிவர் எதிராளியின் பாட்டுகளைக் காட்டித்தான் மறுக்க வேண்டியிருந்தது, அதனால் கொஞ்சம் தப்பித்தது. எதிரி எடுத்து வைத்ததால் பிழைத்த காப்பியம்! வளையாபதிக்குப் புறத்திரட்டு என்ற தொகைநூல் உதவியது.

எத்தனை ஆயிரம் பக்கம் புரட்டியிருக்க வேண்டும் யோசியுங்கள். தேடுபொறி கிடையாது. ஜெராக்ஸ் கிடையாது. கையால் எழுதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதுள்ள பி.எச்.டி. மாணவர்களுக்கு ஒரு கைடு, ஒரு ஃபெல்லோஷிப், ஒரு லேப்டாப் எல்லாம் கொடுத்து இதைச் செய்யச் சொன்னால் ஐந்து வருஷம் எக்ஸ்டென்ஷன் கேட்பார்கள்.

1962-ல் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' என்ற புத்தகம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், மூன்றாம் நந்திவர்மன் என்று பல்லவ அரசர்கள் மேல் தனித்தனி நூல்கள், துளு நாட்டு வரலாறு, கொங்கு நாட்டு வரலாறு, பழந்தமிழர் வாணிகம், உணவைப் பற்றிக்கூட ஒன்று. 'செந்தமிழ்ச் செல்வி' போன்ற இதழ்களில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆங்கிலத்தில் எழுதவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு. வெளிநாட்டிலும் டெல்லியிலும் தென்னிந்திய பௌத்தம் பற்றிப் பேசும்போது அவருடைய பெயர் அடிக்குறிப்பில் ஒரு ஓரமாக வந்தால் உண்டு. தமிழில் எழுதியதற்கு ஒரு லாபமும் உண்டு. இங்கே ஊர் வரலாறு எழுத உட்காருகிற எவரும், கட்சி மேடைக்குக் குறிப்பு எடுக்கிற எவரும் முதலில் திறப்பது அவருடைய புத்தகத்தைத்தான். பெயர் சொல்லித் திறப்பவர்கள் பாதி. சொல்லாமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் மீதி.

1980-ல் இறந்தார். பிற்பாடு தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. பேராசிரியர் வீ. அரசு சாகித்திய அகாதெமிக்காக அவரைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். எழுத்துகள் 'ஆய்வுக் களஞ்சியம்' என்று பல தொகுதிகளாக வந்துவிட்டன. நாட்டுடைமை ஆனதால் முக்கியமானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆரம்பிப்பவர்கள் 'சமணமும் தமிழும்' ஊர்ப் பட்டியலில் தங்கள் மாவட்டம் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்து அங்கிருந்து தொடங்கலாம். அந்த லிஸ்டில் இருக்கிற சிலை இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா, ரோடு போடும்போது போய்விட்டதா என்று பார்த்து வருவதற்கு டிகிரி எதுவும் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் டிக்கெட்டுக்குக் காசும் போதும்.